சென்னை வீட்டுத் தொட்டியில் எந்த இறால் பெருகும்? ஓர் ஒப்பீடு

கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் இறால் தொட்டியின் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக மின்னும் கிரிஸ்டல் ரெட்டுக்குப் பக்கத்தில் செர்ரி இறால் எளிமையாகத்தான் தெரியும். ஆனால் வாங்கி வந்தது அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்குமா, குஞ்சு பொரித்துப் பெருகுமா என்பதை நிறம் முடிவு செய்வதில்லை. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது, அக்கினி நட்சத்திர நாட்களில் அந்த அறைத் தண்ணீர் எத்தனை டிகிரி வரை ஏறுகிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. பன்னிரண்டு மாதமும் உங்களால் மாறாமல் வைத்திருக்க முடிகிற தண்ணீர் எது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் இறாலைத் தேடுங்கள். இறாலை வாங்கிவிட்டுத் தண்ணீரை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பது செலவிலும் வருத்தத்திலும்தான் முடியும்.

இங்கே ஐந்து தரப்பை எடுத்துக்கொள்கிறேன்: செர்ரி, கிரிஸ்டல், அமானோ, சுலவேசி, நம் நாட்டுச் சிற்றிறால்கள். கணக்கிடுவதற்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியை வைத்துக்கொள்வோம். மணல் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் ஏறத்தாழ 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சிறிய தொட்டியில் இறால் வாழாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும், புதிதாகத் தொடங்குபவருக்கு அது சுமை.

முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

இறாலின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் கெட்டிப்படுவது. வளர்ந்த இறால் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றிவிடும். குஞ்சுகள் இன்னும் அடிக்கடி தோலுரிக்கும். இதற்குத் தேவையான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது உணவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் இந்த இரண்டும் எவ்வளவு இருக்கின்றன என்பதை ஜிஹெச் சோதனை காட்டும். ஜிஹெச் மிகவும் குறைந்தால் ஓடு மெலிந்துபோகும். தண்ணீரின் தன்மை திடீரென்று மாறினால் தோலுரிப்பு தடம் புரளும்: தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே ஓடு வெள்ளை வளையமாகச் சுற்றிப் பிளந்து, இறால் அதற்குள்ளேயே சிக்கி இறந்துவிடும். காரணமே தெரியாமல் ஒவ்வொன்றாகச் சாகிறது என்று வருந்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்த வெள்ளை வளையத்தைப் பார்த்தீர்களா என்பதைத்தான்.

சென்னையில் மூன்று விதத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மெட்ரோ தண்ணீர் பூண்டி, செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளிலிருந்தும் வீராணத்திலிருந்தும் வருகிறது. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் கடல்நீரைக் குடிநீராக்கியும் வருகிறது. எந்தத் தெருவுக்கு எந்தப் பருவத்தில் எது வருகிறது என்பதைப் பொறுத்து அதன் உப்பு மாறும். குளோரின் நிச்சயம் இருக்கும். வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து போதும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்பு அதிகம். டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 800, 1000 என்று காட்டும் வீடுகள் நிறைய இருக்கின்றன. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லும், அது எந்த உப்பு என்று சொல்லாது. கடலுக்குப் பக்கத்திலுள்ள கிணறுகளில் அந்த மொத்தத்தில் பெரும்பங்கு சாதாரணச் சோற்றுப்பாக இருக்கக்கூடும். ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் குறைவாகவே இருக்கும். ஆகவே மீட்டர் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது, சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் ஜிஹெச், கேஹெச் (பிஹெச்சை நிலைநிறுத்தும் கார்பனேட்டின் அளவு) சோதனைக் கருவியும் வேண்டும். இதற்குச் செலவு செய்யத் தயங்குகிறவர்கள் அதைவிடக் கூடுதலான பணத்தை இறந்த இறால்களில் இழக்கிறார்கள்.

மூன்றாவது, கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரும். இவற்றில் டிடிஎஸ் பெரும்பாலும் 30 முதல் 100 வரை இருக்கும். சுத்தமான தண்ணீர் என்று நினைத்து இதை மட்டுமே தொட்டியில் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஓட்டுக்குத் தேவையான தாது இல்லை, கேஹெச்சும் இல்லாததால் பிஹெச் நிலைகொள்ளாமல் ஆடும். ஆனால் போர் தண்ணீரை நீர்த்துப்போகச் செய்ய இதைவிட நல்லது கிடையாது. போர் தண்ணீர் 900, ஆர்.ஓ. தண்ணீர் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. கலந்தால் ஏறக்குறைய 200 வரும். செர்ரி இறாலுக்கு இது மிக நல்ல அளவு. கலந்த பிறகு ஜிஹெச்சைப் பார்த்து, 6க்குக் கீழே இருந்தால் இறாலுக்கென்று விற்கும் தாதுப்பொடியைக் கொஞ்சம் சேர்க்கலாம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு நிலைமை நேர் எதிர்: அங்கே தண்ணீர் இயல்பிலேயே மென்மையானது, நீர்க்கச் செய்ய வேண்டியதில்லை, தாது சேர்க்க வேண்டியதுதான்.

கோடை

சாதாரண அறையில் வைத்த தொட்டி மே மாதத்தில் 31, 32 டிகிரி செல்சியஸைத் தொடும். இறாலுக்கு வெப்பம் இரண்டு வழியில் பகை. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை நிற்கும், 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். அதே நேரத்தில் இறாலின் உடல் வேகமாக இயங்கி, கூடுதல் ஆக்சிஜன் கேட்கிறது. மிச்சமான உணவை அழுகவைக்கும் நுண்ணுயிர்களும் அப்படியே.

கழிவிலிருந்தும் அழுகும் உணவிலிருந்தும் வரும் அமோனியாவின் கதை இன்னும் கடுமையானது. பிஹெச் 8 இருக்கும் கடினத் தண்ணீரில் அமோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு, பிஹெச் 7 உள்ள தண்ணீரில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. வெப்பம் ஏறினால் அது மேலும் கூடும். சென்னைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உணவு கூடிப்போவது ஊட்டித் தொட்டியில் கூடிப்போவதைவிடப் பெரிய ஆபத்து என்பதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் மேற்பரப்பின் மீது காற்று வீசும்படி சிறிய மின்விசிறியைப் பொருத்தினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். சென்னையின் ஈரக்காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்ப வேண்டும், கலந்த தண்ணீரால் நிரப்பினால் வாரத்துக்கு வாரம் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும். ஐஸ் கட்டியைப் போடுவது வேண்டவே வேண்டாம். சூட்டைவிடச் சடாரென்ற குளிர்ச்சிதான் தோலுரிப்பைக் குலைக்கும்.

செர்ரியா, கிரிஸ்டலா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான், ஏனென்றால் கடையில் எளிதாகக் கிடைப்பவையும் நன்னீரிலேயே குஞ்சு பொரிப்பவையும் இவைதான்.

செர்ரி என்பது நியோகாரிடினா டேவிடி என்ற இனம். இயற்கையில் சீனா, தைவான் பகுதி ஓடைகளில் இது பழுப்பாக, கண்ணில் படாமல் வாழ்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு எல்லாம் மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பிரித்தவை. 18 முதல் 28 டிகிரி வரை வசதியாக வாழும், பிஹெச் 6.5 முதல் 8 வரை ஏற்கும், ஜிஹெச் 6க்கு மேல் விரும்பும், டிடிஎஸ் 150 முதல் 300 வரை பிரச்சினையில்லை. நம் ஊர்க் கலவைத் தண்ணீர் இந்த எல்லைக்குள் கச்சிதமாக உட்காருகிறது.

கிரிஸ்டல் ரெட் வேறு பேரினம், காரிடினா. ஹாங்காங் பகுதி மலையோடைகளைச் சேர்ந்த கறுப்பு வெள்ளைத் தேனீ இறால்களுக்கு நடுவே தோன்றிய சில சிவப்பு இறால்களை 1990களில் ஜப்பானியரான ஹிசயாசு சுசுகி பிரித்தெடுத்து நிலைப்படுத்தினார். அந்தச் சிறு கூட்டத்திலிருந்து வந்த வம்சமாதலால் அதன் மரபணு வட்டம் குறுகியது, வலுவும் அதற்கேற்பத்தான். அதற்கு வேண்டியது 20 முதல் 24 டிகிரி, பிஹெச் 6.5க்கு அருகே, ஜிஹெச் 4 முதல் 6, கேஹெச் பூஜ்யம் அல்லது ஒன்று. இதைச் சாதிக்க முழுக்க ஆர்.ஓ. தண்ணீர், அதற்கென்று தனித் தாதுப்பொடி, பிஹெச்சைக் கீழே இழுத்து வைக்கும் ஆக்டிவ் சாயில் எனப்படும் மண், இவற்றுக்கு மேல் சில்லர் எனப்படும் நீர்க் குளிர்விப்பான் அல்லது இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஏசி வேண்டும். மண்ணின் வேலை ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தீர்ந்துவிடும். அப்போது தொட்டியைப் பிரித்துப் புது மண் போட வேண்டும். தவறிப்போய்ப் போர் தண்ணீரை ஊற்றினால் மண் இன்னும் சீக்கிரம் தீரும்.

சென்னையில் சில்லரின் விலை தொட்டி, மண், இறால் மூன்றையும் சேர்த்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதற்குமேல், மின்சாரம் நின்ற ஒரு நீண்ட மே மாத மதியம் போதும், மாதக்கணக்கான உழைப்பு போய்விடும். கிரிஸ்டலை நான் யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு, பெங்களூரில் குளிர்ந்த அறை உள்ளவர்களுக்கு, செர்ரியை ஒரு முழு ஆண்டு பெருக்கிக் காட்டியவர்களுக்கு. ஊட்டிக்காரர்களுக்குச் சில்லருக்குப் பதில் மார்கழியில் ஹீட்டர் தேவைப்படலாம், அவ்வளவுதான். சென்னையில் முதல் இறாலாக அதை வாங்குவது சரியல்ல. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

செர்ரி பெருகும் விதம் பார்க்கப் பார்க்கச் சலிக்காதது. பெண்ணின் தலைக்குப் பின்னால் முதுகில் மஞ்சளாகவோ பச்சையாகவோ சேணம் போட்டதுபோல் ஒரு நிறம் தெரிந்தால் சினைப்பை முதிர்கிறது என்று பொருள். அடுத்த தோலுரிப்பு முடிந்தவுடன் ஆண்கள் தொட்டி முழுக்கத் தறிகெட்டு நீந்தும். புது ஓட்டோடு ஒளிந்திருக்கும் பெண்ணைத் தேடும் நீச்சல் அது. பிறகு இருபது முப்பது சினைகள் வயிற்றுக்குக் கீழே வந்து சேரும். நீந்துகால்களால் தாய் அவற்றுக்கு ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். வெப்பத்தைப் பொறுத்து மூன்று நான்கு வாரங்களில் குஞ்சு வெளியே வரும்போது லார்வாப் பருவமெல்லாம் இல்லை, இரண்டு மில்லிமீட்டர் அளவில் முழு இறாலாகவே வரும். இரண்டரை, மூன்று மாதத்தில் அவையும் சினை பிடிக்கும். பதினைந்து இறாலோடு தொடங்கிய தொட்டி அரை ஆண்டில் நூறைத் தாண்டுவது சாதாரணம். ஒன்றிரண்டு ஆண்டே வாழும் உயிருக்கு இந்த வேகம்தான் பாதுகாப்பு.

கோடை இதிலும் கை வைக்கும். 32 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் செர்ரி சினை பிடிப்பதையே நிறுத்திவிடும். வெப்பம் கூடிய தண்ணீரில் வளரும் குஞ்சுகளில் ஆண்களின் விகிதம் கூடுவதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆகவே மே மாதத்தில் சினை தெரியவில்லை என்று பதறி மருந்தோ உணவோ கூட்டாதீர்கள். அந்த மாதத்தில் உங்கள் வேலை இருப்பவற்றை உயிரோடு வைத்திருப்பது மட்டுமே. ஆடி தாண்டியதும் அவை தாமாகவே மீண்டும் தொடங்கும்.

ஒரே தொட்டியில் ஒரே நிறம் என்பது செர்ரிக்கு முக்கியம். சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து விட்டால் அவை கலந்து, சில தலைமுறைகளில் மூதாதையின் பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். நியோகாரிடினாவும் காரிடினாவும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் இரண்டின் தண்ணீர்த் தேவையும் வேறு என்பதால் ஒன்றாக வளர்ப்பதில் பொருளில்லை.

மற்ற மூன்று

அமானோ இறாலை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் நீர்த்தாவரத் தோட்டக்கலைக்குப் பெயர்பெற்ற ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015). தொட்டியில் பாசி மண்டுவதை அடக்க 1980களில் அவர் இதைப் பயன்படுத்தினார். இன்றும் பாசி தின்பதில் இதற்கு நிகர் இல்லை. நான்கைந்து சென்டிமீட்டர் வளரும், சின்ன மீன்களுக்குப் பயப்படாது. ஆனால் வீட்டில் பெருக்குவது பெரும்பாடு. பெண் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிகச் சிறிய முட்டைகளைச் சுமக்கும். பொரிந்து வருவது லார்வா; நன்னீரில் சில நாட்களில் செத்துவிடும். அதைக் கடல்நீருக்கு ஒப்பான உப்புத்தண்ணீருக்கு மாற்றி, நுண்பாசி ஊட்டி, ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்து, உருமாறிய பிறகு மறுபடி நன்னீருக்குக் கொண்டுவர வேண்டும். செடித் தொட்டி வைத்திருப்பவர் மூன்று நான்கு அமானோ வாங்கிவிடலாம், பெருகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும்போது உடலின் பக்கவாட்டில் வரிசையாகப் புள்ளிகளோ கோடுகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதோ ஒரு கண்ணாடி நிற இறாலை அமானோ என்று விற்பது நடக்கிறது.

சுலவேசி இறாலைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனம் கனக்கிறது. வெப்பக் கணக்கை மட்டும் பார்த்தால் சென்னைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மதானோ ஏரியைச் சேர்ந்த காரிடினா டென்னர்லி 27 முதல் 30 டிகிரியும் பிஹெச் 8 அளவும் கேட்கிறது. கருஞ்சிவப்பு உடலில் வெண்புள்ளிகள், வெள்ளைக் கையால் பாறையைத் தட்டித் தட்டி மேயும் அழகு. அறிவியலில் பெயர் பெற்றதே 2009இல்தான். அதற்குள் அது மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. அந்த ஏரியில் யாரோ விட்ட ஃபிளவர்ஹார்ன் மீன்கள் பெருகி அங்கேயே தோன்றிய உயிர்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. நம் ஊரில் வாஸ்து மீன் என்று வாங்கி வைக்கும் அதே மீன்தான். சுலவேசி இறால் இங்கே அரிதாகவே விற்பனைக்கு வருகிறது, விலையும் மிகுதி, ஒரு முறைக்குச் சில முட்டைகள்தான், பயணத்தில் சாவும் அதிகம். தொட்டியில் பிறந்த தலைமுறை என்று உறுதியாகத் தெரிந்து, செர்ரியைப் பல தலைமுறை வளர்த்த அனுபவமும் இருந்தால் முயலலாம். ஏரியிலிருந்து பிடித்து வந்ததென்றால் தொடாதீர்கள்.

நம் நாட்டு இறால்களில் காரிடினா பாபால்டி தனி மதிப்புக்குரியது. 1918இலேயே விவரிக்கப்பட்ட இந்திய இனம். இடத்துக்கேற்பப் பச்சை, பழுப்பு, நீலம் என்று நிறம் மாற்றும். நன்னீரிலேயே குஞ்சு பொரிக்கும், நம் வெப்பத்துக்கும் பழகியது. கூச்ச சுபாவம் கொண்டது, பாசிக்கு நடுவே ஒளிந்தே கிடக்கும், செர்ரியைவிட மெதுவாகப் பெருகும். வெளிநாட்டு ஆர்வலர்கள் விரும்பி வளர்க்கும் இந்த இறால் இங்குள்ள கடைகளில் அபூர்வமாகவே கண்ணில் படுகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கிடைத்தால் தனித் தொட்டியில் வைத்துப் பெருக்குங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள்.

தீவனத்துக்காக விற்கும் கண்ணாடி இறால்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றில் பல மேக்ரோபிராக்கியம் பேரினத்தவை. முன்னால் நீண்டிருக்கும் கவ்வுகாலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தோலுரித்து மென்மையாக இருக்கும் செர்ரியை அவை ஓர் இரவில் தின்றுவிடும்.

எதை வாங்கினாலும்

ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சாதாரண ஏர் பம்பும் போதும். விலையுயர்ந்த வெளி ஃபில்டர்கள் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமோ குஞ்சுகளுக்கு முதல் உணவு. ஏர் பம்ப் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டால் மின்தடைக் கவலையும் குறையும். செர்ரிக்கு ஆக்டிவ் சாயில் வேண்டாம், நன்றாகக் கழுவிய சாதாரண ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ போதும். ஜாவா பாசி என்ற நீர்ச்செடியைத் தாராளமாகப் போடுங்கள். தொட்டியை அமைத்து நான்கு முதல் ஆறு வாரம் இறால் இல்லாமல் ஓடவிட்டு, அமோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நச்சான நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதித்த பிறகே வாங்கப் போங்கள்.

கப்பி, மோலி, பீட்டா எதுவும் இறால் பெருக்கும் தொட்டியில் கூடாது. வளர்ந்த இறாலை விட்டுவைத்தாலும் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது. மீனும் வேண்டும், இறாலும் பெருக வேண்டும் என்பவர்கள் இரண்டு தொட்டி வைப்பதே நேர்மையான வழி.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்: கொசு மருந்து. மின் சுருளில் சூடாகும் திரவமாகட்டும், கரப்பான் ஸ்பிரே ஆகட்டும், பெரும்பாலானவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. பூச்சிகளைக் கொல்லும் அது, அவற்றின் உறவினமான இறாலையும் மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதை மறக்காதீர்கள். படுக்கையறையில் கொசு மருந்து எரிப்பவர்கள் தொட்டியை வேறு அறையில் வைக்க வேண்டும். மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவுக்கு வந்தால் சன்னலை மூடி, பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். புகை கலைந்ததும் பம்பைப் போட மறக்க வேண்டாம். இதேபோல் மீன் நோய்க்குத் தரும் மருந்துகளில் மயில்துத்தம், அதாவது தாமிர உப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மருந்து மட்டுமல்ல, அது பட்ட வலையும் குழாயும்கூட இறால் தொட்டிக்கு ஆகாது.

உணவுக்குப் பெரிய செலவில்லை. காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் வாரக்கணக்கில் அதை மேயும். நிழலில் உலர்த்திய முருங்கை இலையை விரும்பித் தின்னும். கடைக்கீரையில் பூச்சிமருந்து இருக்கக்கூடும் என்பதால் வீட்டு மாடியில் வளர்ந்ததையே போடுங்கள், வெந்நீரில் ஒரு கொதி விட்டு. எதைப் போட்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். இலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. கண்ணாடியில் முக்கோணத் தலையுடன் ஊரும் வெள்ளைப் புழுக்கள் தெரிந்தால், அளவுக்கு மீறி உணவு போடுகிறீர்கள் என்று அர்த்தம். அவை பிளனேரியா, குஞ்சுகளுக்கு எமன்.

வாங்கும் காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய ஐப்பசி முதல் தை வரை சென்னைத் தொட்டிகள் 25, 27 டிகிரியில் நிற்கும். அப்போது வாங்கினால் பங்குனிக்குள் ஒரு தலைமுறையாவது உங்கள் தண்ணீரிலேயே பிறந்துவிடும். கோடையைத் தாங்குவது பெரும்பாலும் அந்தத் தலைமுறைதான். ஏப்ரலில் வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. விமானத்தில் வந்திறங்கிய பளபளப்பான சிவப்பைவிட, உள்ளூரில் யாரோ மொட்டை மாடித் தொட்டியில் பெருக்கிய மங்கலான சிவப்பை நான் தேர்ந்தெடுப்பேன். நிறத்தைத் தேர்வு செய்து பின்னால் கூட்டிக்கொள்ளலாம், உடல்வலுவை அப்படிக் கூட்ட முடியாது. ஒரே நிறத்தில் பதினைந்து வாங்குங்கள். பெரியவை வேண்டாம், அரை வளர்ச்சியில் இருப்பவை புதுத் தண்ணீருக்கு எளிதில் பழகும். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவற்றின் பாத்திரத்தில் விழும்படி ஒன்றரை மணி நேரம் விட்டு, பிறகு வலையால் எடுத்து மாற்றுங்கள். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம்.

நூறைத் தாண்டியதும் மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஏரியிலோ கோயில் குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் என்ற ஓடையில் செர்ரி இறால் நிலைத்துப் பெருகியிருப்பது பதிவாகியிருக்கிறது. குளிர்நாட்டிலேயே அப்படியென்றால், ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் நம் குளங்களில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. பாபால்டி போன்ற நம் இறால்கள் அங்கே அதோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட வேண்டிவரும். மிச்சத்தை, இறால் வளர்க்கத் தொடங்க விரும்புகிற இன்னொருவருக்குக் கொடுப்பது எளிது: முதல் நாள் உணவு போடாமல் விட்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி தொட்டித் தண்ணீர், பாதி காற்று, பிடித்துக்கொள்ள ஒரு கொத்து ஜாவா பாசி, பத்து இறால். இரவு பஸ்ஸில் மதுரைக்குப் போகும் அளவுக்கு அது தாங்கும்.